இது என் எல்லை! – பூனை, நாய் வளர்ப்போர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கடுவன் பூனைக்கு 8 மாதம். சில வாரமாகக் கதவு, பீரோ, திரைச்சீலை என்று கண்ட இடத்தில் மூத்திரம் பீய்ச்சுகிறது. பினாயில் போட்டுத் துடைத்தாலும் மறுநாள் அதே இடத்தில்தான். திட்டியதற்குப் பழிவாங்குகிறதா டாக்டர்?
– வாசகி, மதுரை

பதில்: பழிவாங்கத் தெரியாத ஜீவன் அம்மா அது. வயதுக்கு வந்துவிட்டது, எல்லை குறிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதை உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லை குறிக்கும் பூனை உட்காராது. சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, வாலைச் செங்குத்தாகத் தூக்கி, வால் நுனி படபடவென்று துடிக்கப் பின்னால் பீய்ச்சும். அளவு கொஞ்சமாகத்தான் இருக்கும். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் ஆரம்பித்துக் கீழே வழிந்திருக்கும். உட்கார்ந்தபடி தரையிலோ மெத்தையிலோ நிறையப் போகிறது என்றால் அது வேறு பிரச்சினை: மணல் தட்டு பிடிக்கவில்லை, அல்லது சிறுநீர்ப்பையில் கோளாறு. அடிக்கடி தட்டுக்குப் போய் முக்குகிறது, சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, அல்லது வரவே இல்லை என்றால் காத்திருக்காதீர்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

உங்கள் பூனைக்கு முதல் வைத்தியம் கருத்தடை. செய்துகொண்ட ஆண் பூனைகளில் 10-க்கு 9 இந்தப் பழக்கத்தை விட்டுவிடுகின்றன, அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்கின்றன. சில உடனே நிறுத்திவிடும். சிலவற்றுக்குச் சில வாரம் பிடிக்கும். 5, 6 மாதத்திலேயே செய்திருந்தால் இந்தப் பழக்கம் ஆரம்பித்தே இருக்காது என்று பெரும்பாலும் சொல்லலாம்.

அடுத்தது பினாயில். அதை இன்றே நிறுத்துங்கள். பினாயிலில் உள்ள ஃபீனால் வகை ரசாயனங்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போய்விடும். தவிர, தன் வாசனையை வேறொரு கடுமையான வாசனை மூடிவிட்டால் பூனை அதே இடத்தில் மறுபடி குறிக்கப் பார்க்கும். அம்மோனியா கலந்த கிளீனரும் கூடாது. மூத்திர வாடைக்குக் கிட்டத்தட்ட அதே வாடை அது.

கழுவும் முறை இது. என்சைம் உள்ள துணி சோப்புத்தூளை, 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர் கணக்கில் கரைத்துத் தேய்க்கவும். வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசித் துடைத்து நன்றாகக் காயவிடவும். பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஒரு துணியில் நனைத்து லேசாகத் துடைக்கவும். (திரைச்சீலை, பாலிஷ் போட்ட மரம் என்றால் ஓரத்தில் தொட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.) முழுக்கக் காய்கிறவரை பூனையை அந்த அறைக்குள் விடாதீர்கள். வழிந்தது பீரோவுக்கு அடியிலும் போயிருக்கும், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். காய்ந்த பிறகு, சுத்தமான பருத்தித் துணியால் பூனையின் கன்னத்தை மெதுவாகத் தடவி, அந்தத் துணியை அதே இடத்தில் மூக்கு உயரத்தில் தேய்த்துவிடுங்கள். கன்னத்துச் சுரப்பியின் வாசனை இருக்கும் இடத்தில் பூனை பீய்ச்சுவது குறைவு. சாப்பாட்டுக் கிண்ணத்தை அங்கேயே வைத்தாலும் பலன் உண்டு.

இவ்வளவும் செய்தும் தொடர்ந்தால் ஜன்னலைப் பாருங்கள். வெளியே ஒரு கடுவன் வந்து போகும். அதன் வரவு தெரியாதபடி ஜன்னலின் கீழ்ப் பாதியை ஸ்டிக்கரால் மறையுங்கள். மிச்சச் சோற்றை வாசலில் வைக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு பூனைகளும் ஒன்றாகப் படுத்துத் தூங்கும். ஒன்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்தோம். மற்றது அதைக் கண்டு சீறுகிறது. ஏன்?
– வாசகர், புதுச்சேரி

பதில்: பூனை ஆளை அறிவது மூக்கால். திரும்பி வந்தது ஸ்பிரிட்டும் மருந்துமாக மணக்கிறது, அதனால் வீட்டிலிருந்ததற்கு அது அந்நியப் பூனை. தனி அறையில் ஒருநாள் வையுங்கள். இரண்டும் படுக்கும் துணியால் இரண்டையும் மாற்றி மாற்றித் துடையுங்கள். பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு வைத்து, சீறல் இல்லை என்றால் திறங்கள். அடுத்த முறை போகும்போது கூடையில் வீட்டுத் துணியை விரித்துக் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஒன்றரை வயது கோம்பை. கொரியர்காரர், சிலிண்டர் போடுகிறவர் யார் வந்தாலும் கேட்டில் பாய்கிறது. அதட்டினால் இன்னும் அதிகமாகிறது.
– வாசகர், தேனி

பதில்: கொரியர்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் வேலை முடிந்து போகிறார் என்று நாய்க்குத் தெரியாது. தான் விரட்டியதால் ஓடினார் என்றே நினைக்கும். தினமும் ஜெயிக்கிற ஆட்டத்தை யார் விடுவார்கள்? போதாததற்கு நீங்கள் போடும் சத்தம் அதற்கு அதட்டலாகக் கேட்பதில்லை, வீட்டுக்காரரும் சேர்ந்து குரைக்கிறார் என்றுதான் படும். கோம்பை, ராஜபாளையம் போன்றவை காவலுக்கும் வேட்டைக்கும் வளர்த்து வந்த இனங்கள். குரைப்பே இல்லாமல் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். நாலு முறை குரைத்துவிட்டு, கூப்பிட்டால் உள்ளே வர வேண்டும். அதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த தினசரி ஜெயிப்பை நிறுத்த வேண்டும். கேட்டின் கீழ்ப்பகுதியை நாய் நின்றால் எட்டிப் பார்க்க முடியாத உயரத்துக்குத் தகடோ தட்டியோ வைத்து மறையுங்கள். வீட்டில் ஆள் இல்லாதபோது முன்வாசலில் விடாதீர்கள், கொல்லைப் பக்கம் இருக்கட்டும். சங்கிலியில் கட்டுவது தீர்வே அல்ல. விலகிப் போக வழியில்லாத நாய்க்குக் கடிப்பது ஒன்றுதான் மிச்சம்.

பயிற்சிக்கு, கேட்டிலிருந்து 10, 12 அடி உள்ளே ஒரு பாயை விரியுங்கள். உப்பு, மசாலா போடாமல் வேகவைத்த கோழிக்கறியைப் பட்டாணி அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். ஆள் யாரும் வராத நேரத்தில் ‘பாய்க்குப் போ’ என்றதும் போய் உட்காரப் பழக்குங்கள். பிறகு வீட்டு ஆள் ஒருவர் தெருவில் தூரத்தில் நடக்கட்டும். நாய் காதைத் தூக்கிப் பார்த்த அந்த நொடியில், குரைப்பதற்கு முன், ஒரு துண்டு. 10 தடவையில் 8 தடவை அமைதியாக இருந்தால் அவர் கொஞ்சம் நெருங்கி வரலாம். கடைசியில்தான் கேட் தாழ்ப்பாள், காலிங் பெல். ஒரு வேளைக்கு 5 நிமிஷம், நாளைக்கு இரண்டு வேளை போதும். இது பலிக்காமல் போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: பெல் அடித்து, நாய் உச்சத்தில் குரைக்கும்போது ஆரம்பிக்கிறார்கள். அந்த நிலையில் நாய் கறியைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

கருத்தடை செய்தால் காலைத் தூக்கி அங்கங்கே அடிப்பதும் ஊர் சுற்றுவதும் குறையும். கேட் குரைப்பு அதனால் மட்டும் நிற்காது. ஏற்கெனவே யாரையாவது கடித்திருந்தால் கேட்டுக்கு உள்ளே இரண்டாவது தடுப்பு அவசியம். மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடுகிற கூடை வாய்மூடியைப் பழக்குங்கள். வெறிநாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக் கூடாது.

கேள்வி: சாப்பிடும்போது பக்கத்தில் போனால் எங்கள் நாய் உறுமுகிறது. கிண்ணத்தில் கைவிட்டுப் பழக்கச் சொல்கிறார்களே? வீட்டில் 4 வயதுக் குழந்தை இருக்கிறது.
– வாசகி, திருச்சி

பதில்: கைவிடாதீர்கள். சாப்பிடும்போது இடைஞ்சல் வரும் என்பதைத்தான் நாய் அதில் கற்றுக்கொள்ளும். உறுமியதற்கு அடிக்கவும் கூடாது. உறுமல் அது கொடுக்கும் எச்சரிக்கை. அடித்து அதை அடக்கினால், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். உறுமலுக்கு முன்பே தெரியும் அறிகுறிகள் உண்டு: ஆள் வந்ததும் அவசரமாக விழுங்கும், கிண்ணத்தின் மேல் தலை கவிழ்ந்தபடி உறைந்து நிற்கும், தலையைத் திருப்பாமல் கடைக்கண்ணால் பார்க்கும்.

6 அடி தள்ளி நின்று, அவித்த முட்டைத் துண்டு ஒன்றைக் கிண்ணத்தின் பக்கம் போட்டுவிட்டுப் போய்விடுங்கள். நீங்கள் வருவதைப் பார்த்து வாலைத் தளர்வாக ஆட்டினால் மட்டும் அரை அடி நெருங்கலாம். உடல் விறைத்தால் பழைய தூரத்துக்கே திரும்புங்கள். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. குழந்தையைப் பொறுத்தவரை ஒரே வழி, நாய்க்குக் கதவைச் சாத்திய அறையில் சாப்பாடு. அது வெளியே வந்த பிறகு கிண்ணத்தை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: லாப்ரடாரை நடைக்குக் கூட்டிப் போனால் ஒரு முனையில் மட்டும் தெருநாய்கள் சூழ்ந்துகொள்கின்றன.
– வாசகர், கோவை

பதில்: அந்த முனையில் இறைச்சிக் கடையோ, தினமும் சோறு வைக்கும் வீடோ இருக்கும். அதுதான் அவற்றின் எல்லை. அங்கே உங்கள் நாயை மோந்து நின்று காலைத் தூக்க விடாதீர்கள். முடிந்தால் அடுத்த தெரு வழியாகப் போங்கள். எதிர்ப்பட்டுவிட்டால் ஓடாமல், கல்லை எடுக்காமல், வாரைத் தளர்வாகப் பிடித்து அரைவட்டமாக ஒதுங்கி நடங்கள். எல்லை தாண்டியதும் பெரும்பாலும் நின்றுவிடும். காதில் சிறு வெட்டு இருந்தால் அது கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய். கடித்துவிட்டால், எந்த நாயானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நாய்க்குக் கடி பட்டிருந்தால் அதையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: புது சோபாவைப் பூனை பிறாண்டுகிறது. நிறுத்த வழி?
– வாசகி, சென்னை

பதில்: பாதத்தில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. அதனால் பிறாண்டுவதும் எல்லை குறிப்பதுதான், நிறுத்த முடியாது. வேறு இடம் கொடுக்கலாம். பூனை முழுக்க நீட்டி நிற்கும் உயரத்துக்கு, குறைந்தது 3 அடி, கட்டையில் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றுங்கள். அடிப்பலகை கனமாக இருக்கட்டும். ஒருமுறை ஆடினாலும் அப்புறம் தொடாது. மூலையில் ஒளித்து வைக்காமல், பிறாண்டுகிற சோபாவை ஒட்டியே நிறுத்துங்கள். குப்பைமேனி வேரைக் கசக்கிக் கட்டையில் தேய்த்தால் பல பூனைகள் தேடி வரும். தேய்த்ததும் வேரை அப்புறப்படுத்திவிடுங்கள், தின்ன விட வேண்டாம். சோபாவின் அந்த ஓரத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் உறை போட்டு வையுங்கள். கட்டையில் பழகிய பிறகு, நாளுக்கு ஓரிரு அங்குலமாக அதை நகர்த்திக்கொள்ளலாம்.