பிசிக்ஸ் படித்தால் சோறு கிடைக்குமா: தோவாளை அண்ணாச்சிக்கு ஒரு பதில்

அன்புள்ள அண்ணாச்சி,

போன சனிக்கிழமை பூச்சந்தை முடிந்த கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் வந்தீர்கள். அரை மணி நேரத்தில் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "பிசிக்ஸ் படிச்சா சோறு கிடைக்குமா?" உங்கள் அக்கா மகள் நர்சிங் முடித்து சவுதியில் இருக்கிறாள், வீடும் கட்டிவிட்டாள், இவளும் அதையே படித்தால் நிம்மதி என்றீர்கள். நம் மாவட்டத்தில் ஒரு தகப்பன் இப்படி நினைப்பதில் தப்பே இல்லை. நர்சிங் எத்தனை ஓட்டு வீடுகளை கான்கிரீட் வீடுகளாக்கியிருக்கிறது என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அன்று வெளியே ஆட்கள் காத்திருந்ததால் முழுசாகப் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தபோது உள்ளே நடந்ததை முதலில் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரியும் ஆரல்வாய்மொழி காற்றாலைகளை வைத்தே கேட்டேன்: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், விசிறிக்கு வந்து சேரும் சக்தி எத்தனை மடங்காகும்? "நாலு" என்றாள். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று புத்தகத்தில் இருக்கிறது, எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் சொல்வார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு, "இல்ல சார், வேகம் கூடினா ஒரு செகண்டுல வந்து சேர்ற காத்தும் ரெண்டு மடங்காகுமே. அப்போ எட்டு" என்றாள். எட்டுதான் சரி. யாரும் தவறென்று சொல்லாமலே தன் விடையைத் தானே சந்தேகப்பட்டாள் பாருங்கள், அதை நான் அங்கேயே குறித்துக்கொண்டேன்.

இது நியூட்டன் காலத்து இயற்பியல். உங்கள் தராசு, காற்றாலை, மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கிற ராக்கெட் எஞ்சின் எல்லாம் இதன்படிதான் ஓடுகின்றன. அணுவின் அளவுக்குப் போனால் இந்தக் கணக்கு இடறும். அதையும் அவளிடம் கேட்டுப் பார்த்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் ஒளிமின் விளைவு என்று ஒரு பாடம் உண்டு. வெற்றிடத்தில் சோடியம் தகடு ஒன்றை வைத்து அதன் மேல் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். சிவப்பு ஒளியை எவ்வளவு பிரகாசமாக அடித்தாலும் எலக்ட்ரான் வெளியே வருவதில்லை. ஊதா ஒளி மங்கலாக விழுந்தாலே வந்துவிடுகிறது. ஒளி அலைதான் என்றால், பொறுத்திருந்தால் சிவப்பிலும் ஆற்றல் சேர்ந்து எலக்ட்ரான் வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. உங்கள் சந்தையை வைத்துச் சொல்கிறேன். பிச்சிப்பூவை எத்தனை கிராம் வேண்டுமானாலும் நிறுத்துக் கொடுக்கலாம். மாலை அப்படியில்லை, ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் கொடுக்க வேண்டும், அரை மாலை கேட்டு யாரும் வருவதில்லை. ஒளி உதிரிப்பூ மாதிரி வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது மாலை மாலையாக வருகிறது என்று 1905-இல் ஐன்ஸ்டீன் சொன்னார். 1900-இல் மாக்ஸ் பிளாங்க் போட்டுவைத்த கணக்கின் மேல் கட்டியது அது. இப்படி வரும் ஒவ்வோர் ஒளி மாலைக்கும் ஃபோட்டான் என்று பெயர். அதன் கனத்தை, அதாவது ஆற்றலை, நிறம் தீர்மானிக்கிறது. சோடியத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க ஏறக்குறைய 2.3 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். சிவப்பு ஃபோட்டானிடம் இருப்பது 1.8, ஊதாவிடம் 3. பிரகாசத்தைக் கூட்டினால் 1.8-கள் நிறைய வரும், ஆனால் எந்த 1.8-ம் தனியாக 2.3 ஆகாது.

இதைச் சொல்லி முடித்ததும் உங்கள் மகள் கேட்டாள்: "சார், ரெண்டு சிவப்பு ஃபோட்டான் ஒரே நேரத்துல ஒரே எலக்ட்ரான்ல பட்டா? 1.8-ம் 1.8-ம் 3.6 ஆச்சே?"

அண்ணாச்சி, இந்தக் கேள்வி அவள் பாடப்புத்தகத்தில் இல்லை. ஜெர்மனியில் மரியா கோப்பெர்ட் என்ற இளம்பெண் தன் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது கிட்டத்தட்ட இதைத்தான். ஓர் அணு இரண்டு ஃபோட்டான்களைச் சேர்த்து விழுங்க முடியும், ஆனால் சாதாரண ஒளியில் அதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1931-இல் அது அச்சில் வந்தது. லேசர் வந்த பிறகு, 1961-இல்தான் சோதனையில் கண்ணால் பார்த்தார்கள். இன்று உயிருள்ள மூளைத் திசுவுக்குள் பார்க்கிற ஒருவகை நுண்ணோக்கி அந்த விளைவில்தான் வேலை செய்கிறது. அந்த அம்மாள் பின்னால் வேறொரு கண்டுபிடிப்புக்காக 1963-இல் நோபல் பரிசும் வாங்கினார். இவள் மாதிரித் தேர்வில் பிசிக்ஸுக்கு 78 வாங்கியதைச் சொல்லி வருத்தப்பட்டீர்கள். அந்த 78-ஐ விட இந்தக் கேள்வியை நான் பெரிதாக நினைக்கிறேன்.

இனி சோற்றுக் கணக்கு. ஒளிக்காமல் சொல்கிறேன்: பி.எஸ்ஸி பிசிக்ஸோடு நிறுத்தினால் நல்ல வேலை கிடைப்பது கஷ்டம். கூடங்குளம் போன்ற அணுமின் நிலையங்களில் பி.எஸ்ஸி முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்சியாளராக எடுப்பதுண்டு, 60 சதவீதமாவது வேண்டும். மற்றபடி எம்.எஸ்ஸி வரைக்கும், அதாவது ஐந்து வருடம் இவள் படிப்பாள் என்று இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அந்த ஐந்து வருடத்துக்கு நான் முதலில் சொல்வது ஐசர் (IISER), மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம். திருவனந்தபுரம் ஐசர் விதுராவில் இருக்கிறது, சென்னையைவிட நமக்கு எவ்வளவோ பக்கம். பட்டமும் முதுகலையும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு. நுழைவுத் தேர்வில் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி நான்கிலும் கேள்வி வரும், இவள் பயோ-மேத்ஸ் குரூப் என்பதால் அது அனுகூலம். வினாத்தாள் தமிழில் வராது. தமிழ் வழியில் படிக்கிற பிள்ளை என்பதால், தினம் ஒரு பக்கம் ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். அதோடு நெஸ்ட் (NEST) நுழைவுத் தேர்வும் எழுதட்டும், அது ஐசர் மாதிரியே அறிவியல் படிப்பு நடத்தும் புவனேஸ்வர் நைசருக்கும் (NISER) மும்பையில் உள்ள மையத்துக்கும் பொதுவானது.

கிடைக்காவிட்டால் நாகர்கோவிலிலேயே நல்ல கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே மூன்று வருடம் படித்துவிட்டு ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி-யில் எம்.எஸ்ஸி சேரலாம். ஆனால் சேர்க்கும் முன் ஆய்வகத்தை நேரில் போய்ப் பாருங்கள். சோடியம் விளக்கு எரிகிறதா, ஒளியைப் பிரித்துப் பார்க்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பிள்ளைகளே தொட்டு அளக்கிறார்களா என்று கேளுங்கள். நான் படித்த கல்லூரியில் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதினோம், கேட்பாரில்லை. எம்.எஸ்ஸி போன முதல் வாரத்தில் ஒரு சர்க்யூட்டைக் கூட இணைக்கத் தெரியாமல் நின்றேன். அந்த மூன்று வருடம் போனது போனதுதான். அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ் வழியிலோ ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, அதையும் விட்டுவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரி வேலைதான் கௌரவம் என்று மதினி சொன்னதாகச் சொன்னீர்கள். அதற்கும் வழி இருக்கிறது. மணவாளக்குறிச்சி கடற்கரை மண்ணில் மோனசைட் என்ற தேன் நிறக் கனிமம் கலந்திருக்கிறது, அதில் தோரியம் உண்டு. தோரியம் அணுவின் கருவிலிருந்து ஆல்ஃபா துகள் என்ற சிறு துண்டு தப்பி வருகிறது, அதுவும் ஒருவகைக் கதிர்வீச்சு. அந்தத் துகளுக்கு இருக்கும் ஆற்றலைவிடச் சுற்றியுள்ள தடுப்பு பல மடங்கு உயரம், பழைய இயற்பியல்படி அது வெளியே வரவே கூடாது. அணு அளவுக்கான புதிய இயற்பியலான குவாண்டத்தின்படி, ஊடுருவி வர மிகச் சிறிய வாய்ப்பு உண்டு என்று 1928-இல் காமோவ் என்ற இயற்பியலாளர் விளக்கினார். அந்த வாய்ப்பு எவ்வளவு சிறிது என்றால், தோரியத்தில் பாதி சிதைய ஏறக்குறைய 1,400 கோடி வருடம் ஆகிறது. அந்த மண்ணைப் பற்றி நம் கடற்கரை ஊர்களில் பயம் உண்டு, வாக்குவாதமும் உண்டு. கருவியை எடுத்துப் போய் அளந்து, அளந்ததை ஊர்க்காரர்களுக்குத் தமிழில் சொல்ல நம் பிள்ளைகளே வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இதே கதிர்வீச்சு அறிவுதான் புற்றுநோய்ச் சிகிச்சையிலும் உதவுகிறது. எந்த நோயாளிக்கு எவ்வளவு கதிர், எந்தக் கோணத்தில் என்று கணக்கிடுபவர் மருத்துவ இயற்பியலாளர். அவர் இல்லாமல் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவு நடத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதிப்பதில்லை. எம்.எஸ்ஸி பிசிக்ஸுக்குப் பிறகு கதிரியல் இயற்பியலில் டிப்ளமோ, அடுத்து ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. மதினியிடம் இதைச் சொல்லுங்கள்.

குவாண்டம் கம்ப்யூட்டர் பற்றி வாட்ஸப்பில் வந்ததைக் காட்டினீர்களே. மத்திய அரசு 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது உண்மை. அதை வைத்து "மூன்று மாதத்தில் குவாண்டம் நிபுணர்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இவளுடைய கணக்குப் புத்தகத்தின் முதல் இரண்டு பாடங்கள் அணிகளும் (மேட்ரிக்ஸ்) கலப்பெண்களும் (காம்ப்ளெக்ஸ் நம்பர்). குவாண்டம் இயக்கவியல் எழுதப்பட்டிருப்பதே அந்த மொழியில்தான். அவற்றை இப்போது நன்றாகப் போட்டால் போதும்.

இரண்டு சிவப்பு ஃபோட்டான் கணக்கில் ஒரு சந்தேகத்தை அவளிடமே விட்டிருக்கிறேன்: சாதாரண பல்பு வெளிச்சத்தில் ஏன் அது நடப்பதில்லை? அவள் யோசித்ததை, தப்போ சரியோ, ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரட்டும். ஓண வியாபாரம் முடிந்து நீங்கள் ஓய்ந்ததும் ஒருநாள் மதியம் வாருங்கள், மதினியையும் கூட்டிக்கொண்டு. அவளுடைய பதினோராம் வகுப்பு மார்க் ஷீட்டையும் எடுத்து வாருங்கள், விண்ணப்பங்களை உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.