செனடாஃப்னா புதைச்ச இடமா? கேட்டதும் சொன்னதும்

இந்த வாரம் எடுத்துக்கிட்ட சொல்லு 'செனடாஃப்'. நம்ம சிங்கப்பூர்ல பாடாங் பக்கம் கன்னாட் டிரைவ்ல நிக்குதே அந்தக் கல்லுத்தூண், ஸ்கூல்ல பிள்ளைங்கள பஸ் வச்சு கூட்டிட்டுப் போவாங்களே, அதோட பேரு. கேட்டதுக்கெல்லாம் எனக்குத் தெரிஞ்ச அளவுல எழுதுறேன், வரிசை முன்னப்பின்ன இருக்கும்.

ஈசூன் அக்கா: என் மகன் பிரைமரி ஃபைவ். செனடாஃப்னா என்னம்மான்னு கேட்டான், போர்ல செத்தவங்கள புதைச்ச இடம்னு சொல்லிட்டேன். சரிதானே?

பதில்: அப்படியே தலைகீழா சொல்லிட்டீங்கக்கா. அங்க யாரையும் புதைக்கல, அதனாலதான் அந்தப் பேரே. கிரேக்கத்துல 'கெனோஸ்'னா காலி, 'டாஃபோஸ்'னா கல்லறை, ரெண்டும் சேந்து காலிக் கல்லறை. உடம்பு வேற எங்கயோ கிடக்கு, இல்ல கிடைக்கவே இல்ல, அப்ப ஊர்ல வைக்கிற கல்லு. நம்ம ஊருதுல முதல் உலகப்போர்ல செத்த 124 பேருக்காக வச்சது, 1922 மார்ச் 31ஆம் தேதி இங்கிலாந்து இளவரசர் வந்து திறந்து வச்சாரு. படியில 1914லருந்து 1918 வரைக்கும் வருஷம் செதுக்கியிருக்கும், மகன எண்ணிப் பாக்கச் சொல்லுங்க. பின்பக்கம் ரெண்டாம் போருக்கு, நம்ம உயிரோட இருக்க அவங்க செத்தாங்கங்குற மாதிரி நாலு மொழியிலயும் எழுதியிருக்கு, தமிழும் இருக்கு.

ஜூரோங் தம்பி: கிரேக்கத்துல 'கெ'ன்னா இங்கிலீஷ்ல ஏன் 'செ'? அப்புறம் அந்த டாஃப், ஃபோட்டோகிராஃப்ல வர்றதா?

பதில்: கிரேக்கத்துலருந்து லத்தீனுக்குப் போயி, அங்கருந்து பிரெஞ்சு வழியா 1600கள் ஆரம்பத்துல இங்கிலீஷுக்கு வந்துச்சு, பிரெஞ்சு வாயில அந்த 'கெ' 'செ'யா மாறிடுச்சு, அவ்ளோதான். ஃபோட்டோகிராஃப்ல இருக்குறது 'எழுது'ங்குற சொல்லு, சம்பந்தமே இல்ல தம்பி. டாஃபோஸுக்குச் சொந்தக்காரன் வேணும்னா 'எபிடாஃப்', கல்லறை மேல எழுதுற வாசகம். இன்னொண்ணு, ஜியாலஜியில சீனோசோயிக்னு படிப்பீங்க, அதுலயும் 'ஸீ' சத்தம் இருக்கேன்னு ஏமாந்துறாதீங்க, அது 'கைனோஸ்', புதுசுன்னு அர்த்தம், வேற சொல்லு.

பேர் போடாத ஒருத்தர்: டாஃபோஸ் நம்ம 'தாழி'தான் சார், முதுமக்கள் தாழி. யூடியூப்ல ஒரு ஐயா ஆதாரத்தோட பேசுறாரு.

பதில்: வந்துட்டீங்களா, உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன். கேக்க எனக்கும் ஆசையாத்தான் இருக்கு, ஆனா இல்ல சார். கிரேக்கத்துல 'புதை'ங்குற வினைச்சொல்லு ஒண்ணு இருக்கு, அதுலருந்து பொறந்தது டாஃபோஸ். காதுக்கு ஒரே மாதிரி கேட்டா உறவுன்னு சொல்லிட முடியாது, ஒரு சத்தம் இங்க இப்படி அங்க அப்படின்னு பல சொல்லுல தொடர்ந்து பொருந்தணும். தமிழுக்கு இந்த மாதிரி கடன் பெருமையெல்லாம் தேவையில்லன்றது என் கட்சி.

உட்லண்ட்ஸ் ரிட்டயர்டு டீச்சர்: காலிக் கல்லறைன்னு கல்லு வைக்கணும்னு வெள்ளைக்காரனுக்கு ஏன் தோணுச்சு?

பதில்: டீச்சர், பழக்கம் பழசு. அந்தக் கால ஏதென்ஸ்ல போர்ல செத்தவங்க எலும்ப பெட்டி பெட்டியா ஊர்வலமா கொண்டு போவாங்க, அதுல ஒரு பாடை மட்டும் துணி விரிச்சு காலியா போகும், உடம்பு கிடைக்காதவங்களுக்காக. லண்டன் செனடாஃப் கதை 1919. முதல் உலகப்போர்ல பிரிட்டன் ஒரு முடிவு எடுத்துச்சு, செத்த சிப்பாய ஊருக்குக் கொண்டு வரக்கூடாது, விழுந்த நாட்டுலயே அடக்கம்னு. பணக்காரன் மட்டும் மகன் உடம்ப கொண்டு வந்துட்டா ஏழை என்ன பண்ணுவான்னும் ஒரு நியாயம். ஆக லட்சக்கணக்கான வீட்டுல அழறதுக்கு ஒரு குழி இல்ல. ஜூலை மாச வெற்றி ஊர்வலத்துக்கு எட்வின் லட்யன்ஸ், டெல்லி இந்தியா கேட்ட வரைஞ்சவரேதான், மரத்துலயும் பிளாஸ்டர்லயும் தற்காலிகமா ஒண்ணு செஞ்சு நிறுத்துனாரு, ஜனங்க பூ கொண்டாந்து குவிச்சுட்டாங்க, எடுக்க முடியல. அப்புறம் அதையே கல்லுல கட்டி 1920 நவம்பர் 11 திறந்தாங்க. சிலுவை எதுவும் கிடையாது, செத்தவங்கள்ல எல்லா மதமும் இருந்துச்சே. அந்தச் சொல்லு லட்யன்ஸுக்கு எங்க கிடைச்சுதுன்னா, ஒரு சிநேகிதியம்மா தோட்டத்துல கிடந்த பெரிய பெஞ்சுக்கு யாரோ விளையாட்டா செனடாஃப்னு பேரு வச்சிருந்தாங்களாம். துக்கத்துக்குப் பேரு எங்கருந்து வருது பாருங்க.

பொங்கோல் அண்ணன்: அப்ப பீச் ரோட்டுல இருக்குற நாலு சாப்ஸ்டிக்ஸும் செனடாஃப்தானா?

பதில்: இல்லண்ணே. அது ஜப்பான்காரன் காலத்துல செத்த பொதுஜனங்களுக்கு வச்ச நினைவுத்தூண், அதுக்குக் கீழ எலும்பு இருக்கு. 1962ல சிக்லாப் பக்கம் தோண்டும்போது ஜப்பான்காரன் காலத்துல கொன்ன ஜனங்களோட எலும்பு வந்துச்சு, அதெல்லாம் 600க்கு மேல ஜாடியில வச்சு அந்தத் தூணுக்கடியில இருக்கு, 1967 பிப்ரவரி 15 லீ குவான் இயூ திறந்து வச்சாரு. கிராஞ்சி போர்க் கல்லறை ரெண்டுங்கெட்டான், தரையில கல்லறையும் உண்டு, சுவர்ல 24,000க்கு மேல பேரு, உடம்பு கிடைக்காத ராணுவத்துக்காரங்க. இந்திய ராணுவத்துப் பேரும் நிறைய. பின்னாடி போனீங்கன்னா எரிச்சவங்களுக்குத் தனியா ஒண்ணு இருக்கு, 800 பேருக்குக் கிட்ட, பெரும்பாலும் இந்தியப் படைக்காரங்க. கிராஞ்சி போற நம்மாளுங்க அங்க நடந்து போறதில்ல, போங்க.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். எஸ்பிளனேட்லயே ஐஎன்ஏவுக்கு, அதான் நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துக்கு, ஒரு நினைவுச்சின்னம் இருந்துச்சு. 1945 ஜூலையில நேதாஜி அடிக்கல் நாட்டுனாரு, செப்டம்பர்ல வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் மவுன்ட்பேட்டன் சொல்லி ஒடைச்சாங்க. இப்ப அங்க ஒரு அடையாளப் பலகைதான். நின்ன கல்லுக்கே கல்லு வைக்க வேண்டியதாப் போச்சு.

ஈசூன் அக்கா: தமிழ்ல எப்படி எழுதணும், மகனுக்கு ஹோம்வொர்க்.

பதில்: நினைவுச்சின்னம்னு எழுதுங்க, டீச்சர் மார்க் போடுவாங்க. 'வெற்றுக் கல்லறை' அர்த்தம் சரி, கேக்க நல்லால்ல. எனக்குப் பிடிச்சது நடுகல். அகநானூறுல 'பெயரும் பீடும் எழுதி' வழியில நட்டு மயில்பீலி சூட்டுன கல்லுன்னு வருது. அது இந்தத் தூணுக்குக் கிட்டத்துல நிக்குது.

தெம்பனீஸ் அத்தை: என் அப்பாவோட அப்பாவ சயாம் மரண ரயில் போட கூட்டிட்டுப் போனாங்க, மலாயா தோட்டத்துலருந்து. வரல. பாட்டி சாகுற வரைக்கும் தாலிய கழட்டல. எங்களுக்குன்னு ஒரு கல்லு கூட இல்ல. வீட்டுல ஒண்ணு வச்சா செனடாஃப்னு சொல்லலாமா தம்பி?

பதில்: தாராளமா சொல்லலாம் அத்தை. அந்தச் சொல்லு ராணுவத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்ததில்ல, அரசாங்கம் வைக்கணும்னும் இல்ல. நம்மகிட்டயும் உடம்பு கிடைக்கலன்னா தர்ப்பையில உருவம் செஞ்சு காரியம் பண்ற வழக்கம் உண்டே, அதுவும் இதே மனசுதான். தாத்தா பேரு, தோட்டத்துப் பேரு, போன வருஷம், தெரிஞ்சத எழுதுங்க. பாட்டி பேரையும் போடுங்க.