நீரோ கொடுத்த விடுதலை

அன்புள்ள ஐயா,

ரோம் கிரேக்கத்தை வாளால் வென்றது, கிரேக்கம் ரோமைப் பண்பாட்டால் வென்றது என்று எழுதுகிறார்கள். அப்படியென்றால் ரோமானியர் ஆட்சியில் கிரேக்கர்கள் நன்றாகத்தானே இருந்திருப்பார்கள்? ரோமப் பேரரசன் நீரோ அவர்களுக்கு விடுதலையே கொடுத்தான் என்றும் படித்தேன். அதை நம்பலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பண்பாட்டால் வென்ற கதை, ஹொரேஸ் என்ற ரோமானியக் கவிஞரின் ஒரு வரியிலிருந்து வருவது. ஜெயித்தவர் பக்கத்து ஆள், பெருந்தன்மையாகச் சொல்லலாம்.

நான் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கின் கொள்ளுத்தாத்தாவைத்தான் கேட்பேன். பெயர் நிகார்க்கஸ், ஊர் கைரோனியா. கி.மு. 31இல் அந்தோணியும் ஆக்டேவியனும் ரோமின் அதிகாரத்துக்காகக் கிரேக்கக் கரையில் மோதிக்கொண்டார்கள். அந்தோணியின் ஆட்கள் தலைக்கு இவ்வளவு என்று கோதுமையை அளந்து ஊரார் தோளில் ஏற்றினார்கள். கடற்கரை வரை சுமக்க வேண்டும். நடை தளர்ந்தால் சவுக்கடி. ஒரு நடை போய்வந்தாயிற்று. இரண்டாவது நடைக்கு அளந்து வைத்திருந்த நேரத்தில் அந்தோணி தோற்ற செய்தி வந்தது. அதிகாரிகளும் சிப்பாய்களும் ஓட்டம் பிடிக்க, கோதுமையை ஊரார் பங்குபோட்டுக்கொண்டார்கள். கொள்ளுப்பேரன் எழுதிவைக்கும்வரை அந்தக் கதை வீட்டில் புழங்கியிருக்கிறது.

இதற்கு அப்புறம்தான், கி.மு. 27இல், கிரேக்கம் அக்காயா என்ற பெயரில் ரோமின் தனி மாகாணமானது. ஆனால் கி.மு. 146இல் ரோமானியத் தளபதி மும்மியஸ் கொரிந்து நகரை எரித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் விற்றபோதே எல்லாம் முடிந்துவிட்டது. (அங்கே கொள்ளையடித்த கலைப்பொருள்களைக் கப்பலில் ஏற்றியவர்களிடம், தொலைத்தால் புதிதாகச் செய்து தர வேண்டும் என்று எச்சரித்தாராம். பண்பாடு கொஞ்சம் தாமதமாகத்தான் வென்றிருக்கிறது!) கி.பி. 15இல் வரிச்சுமை தாங்காமல் மாகாணத்தார் முறையிட்டார்கள். பேரரசர் திபேரியஸ் செய்ததெல்லாம் மாகாணத்தை செனட்டிடமிருந்து தன் கைக்கு மாற்றியதுதான். 44இல் பேரரசர் கிளாடியஸ் அதை செனட்டுக்கே திருப்பிக் கொடுத்தார்.

சரி, நீரோ. கி.பி. 67இல் அவர் கொரிந்தில் விடுதலை அறிவித்தது உண்மை. அந்தப் பேச்சு அக்ரைஃபியா என்ற சிற்றூரில் கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது. விடுதலை என்ற சொல்லோடு வரிவிலக்கும் சேர்ந்தே வருகிறது. கூட்டம் எதற்கு ஆர்ப்பரித்திருக்கும் என்று எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் நல்ல காலத்திலும் எல்லோருக்கும் இந்த விடுதலை இருந்ததில்லை, அந்நியருக்கோ ஒருவருக்கொருவரோ அடிமையாக இருந்தீர்கள் என்று இடித்தும் காட்டுகிறார். 260 ஆண்டுகளுக்கு முன் ஃபிளாமினினஸ் என்ற ரோமானியத் தளபதியும் அதே கொரிந்துப் பக்கம்தான் விடுதலை அறிவித்தார். வாங்கியவர்கள் அதையும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

நீரோ கொடுத்ததைச் சில ஆண்டுகளிலேயே பேரரசர் வெஸ்பாசியன் பிடுங்கிக்கொண்டார்: கிரேக்கர்களுக்குச் சுதந்திரமாக இருக்க மறந்துவிட்டது என்றாராம். நீரோ வீழ்ந்த பிறகு கல்வெட்டில் அவர் பெயரைச் செதுக்கி எடுத்தார்கள், பேச்சை விட்டுவைத்தார்கள்.

புளூட்டார்க் அந்த 67இல் மாணவர். பிற்பாடு அவர் எழுதிய மறுவுலகக் கதையொன்றில் நீரோவின் ஆன்மாவை விரியன் பாம்பாக மாற்றப் போகிறார்கள். அப்போது ஒரு குரல் தடுக்கிறது: கிரேக்கர்களை விடுவித்தவன், சதுப்பு நிலத்தில் பாடித் திரியும் சாதுவான பிராணியாக ஆக்குங்கள் என்று. தவளையாகத்தான் இருக்க வேண்டும்.