டி-போர்டு (வாடகை) வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பேட்ஜைப் பற்றியவை, அதாவது வாடகை வண்டி ஓட்ட லைசென்ஸில் தனியாக எடுக்கும் டிரான்ஸ்போர்ட் அனுமதியைப் பற்றியவை. ஆனால் பேட்ஜ் இல்லாததால் கடனாளியான டிரைவரை நான் பார்த்ததில்லை. வண்டியின் பேப்பர் சரியில்லாமல் ஒரே விபத்தில் எல்லாவற்றையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இரண்டாவது கேள்வியை எல்லோரும் படியுங்கள்.

சார், நாலு வருஷமாக கார் லைசென்ஸ் வைத்திருக்கிறேன். கால் டாக்சியில் சேரலாம் என்று பார்த்தால், பேட்ஜ் இல்லாமல் டி-போர்டைத் தொடவே கூடாது என்கிறார் எங்கள் ஏரியா புரோக்கர். எடுத்துத் தர ஆறாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா? (வியாசர்பாடி)

கொடுக்காதீர்கள். முதலில் உங்கள் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். எல்.எம்.வி. (இலகு ரக மோட்டார் வண்டி) என்று இருந்தால், மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத டாக்சியை ஓட்ட அதுவே போதும். உச்ச நீதிமன்றம் இதை 2017 ஜூலையில் முகுந்த் தேவாங்கன் வழக்கில் சொன்னது. மறு வருஷம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் மாநிலங்களுக்கு அதையே எழுதியது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் விடாமல் மறுபடி வாதாடின. கடைசியில் 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, பழைய தீர்ப்பு சரிதான் என்று உறுதி செய்துவிட்டது.

7,500 கிலோ என்பது வண்டியும் அதில் ஏறும் பாரமும் சேர்ந்த எடை. வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் போட்டிருப்பார்கள். சாதாரண செடான் ஒன்றரை டன்னுக்குள் முடிந்துவிடும். ஏழு பேர் போகிற பெரிய கார்கூட மூன்று டன்னைத் தொடாது.

சில டிராவல்ஸில் பழைய வழக்கப்படி இன்னும் பேட்ஜ் கேட்கிறார்கள் என்பது உண்மை. அந்த வேலைதான் வேண்டும் என்றால் விண்ணப்பியுங்கள், தப்பில்லை. ஆனால் லைசென்ஸுக்கான அரசு இணையதளமான சாரதியில் நீங்களே போடுங்கள், ரசீதில் உள்ள தொகையை மட்டும் கட்டுங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: அப்படி எடுக்கும் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கு ஆயுள் 5 ஆண்டுதான். ஒவ்வொரு முறையும் டாக்டர் சான்றோடு புதுப்பிக்க வேண்டும். தேவையில்லாமல் அந்த வேலையை ஏன் இழுத்துக்கொள்ள வேண்டும்?

என்னிடம் ஓன் போர்டு (சொந்த உபயோகத்துக்கான) கார் இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்யும் நாலு பேரை தினமும் கூட்டிப்போய் மாசம் ஒரு தொகை வாங்குகிறேன். தெருவில் யாராவது கேட்டால் ஏர்போர்ட்டுக்கும் போவேன். தெரிந்தவர்கள்தானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது? (கொளத்தூர்)

போலீஸ் பிடித்தால் என்ன ஆகும் என்ற கவலையில்தான் பலரும் இதைக் கேட்கிறார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வண்டியையும் பிடித்து வைக்கலாம்.

ஆனால் என் கவலை அபராதம் இல்லை. உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, எதற்கெல்லாம் வண்டியைப் பயன்படுத்தலாம் என்ற பகுதியைப் படியுங்கள். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கும். பாடி மேம்பாலத்தில் நாளைக்கே ஒரு பைக்காரர் மீது மோதிவிட்டீர்கள் என்று வையுங்கள். உள்ளே காசு கொடுத்து வந்தவர்கள் இருந்தார்கள் என்று தெரிந்தால், உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி கையை விரித்துவிடும். அதைவிடப் பெரிய அடி அப்புறம்தான் வரும். பெர்மிட் இல்லாமல் வண்டி ஓட்டுவது அடிப்படை மீறல் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இழப்பீட்டைக் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, வண்டி ஓனரிடம் திரும்ப வசூலித்துக்கொள்ளலாம் என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. சம்பாதிக்கிற வயதில் ஒருவர் இறந்துபோனால் இழப்பீடு எத்தனை லட்சம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். மாசம் வரும் அந்தச் சில ஆயிரங்களுக்காக வீட்டை அடமானம் வைக்க நேரலாம். உங்களை நம்பி ஏறுகிற அந்த நாலு பேருக்கும் பாதுகாப்பு இல்லை. தெரிந்தவர்கள் என்பதற்காகவே அவர்களை இந்த நிலையில் உட்கார வைக்கக்கூடாது.

இதைத் தொழிலாகச் செய்ய நினைத்தால் டி-போர்டுக்கு மாற்றுங்கள். கார் கடனில் இருந்தால் முதலில் ஃபைனான்ஸ் கம்பெனியிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பலர் இதைக் கடைசியில் போய்க் கேட்டு மாசக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீசில் வகை மாற்ற விண்ணப்பம், வரி வித்தியாசம், கமர்ஷியல் இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பெர்மிட், மஞ்சள் நம்பர் பிளேட். வண்டி எட்டு வயதைத் தாண்டும்வரை எஃப்.சி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருஷா வருஷம். கார் ஏற்கனவே பழசு என்றால் மாற்றும் செலவையும் பிரீமியத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சில சமயம் அதை விற்றுவிட்டு டி-போர்டு வண்டியாகவே வாங்குவதுதான் லாபம்.

சனி, ஞாயிறில் ஆக்டிங் டிரைவராகப் போக ஆசை. அதற்குத் தனியாக ஏதாவது எடுக்க வேண்டுமா? (மாம்பலம்)

வேண்டாம், எல்.எம்.வி. போதும். ஓனர் தன் சொந்தக் காரில்தான் போகிறார், நீங்கள் சம்பளத்துக்கு ஓட்டித் தருகிறீர்கள். அது வாடகை வண்டி ஆகாது. சாவி வாங்குவதற்கு முன் இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். போனில் எம்-பரிவாஹன், டிஜிலாக்கர் ஆப்களில் காட்டினாலும் செல்லும். கேட்கக் கூச்சப்படாதீர்கள். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில் விபத்து நடந்தால் ஓனரோடு சேர்த்து உங்களையும்தான் கோர்ட்டுக்கு இழுப்பார்கள்.

அப்பாவுக்கு 52 வயது, இருபது வருஷமாக டாக்சி ஓட்டுகிறார். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் போன மாசம் முடிந்துவிட்டது. முப்பது நாள் டைம் இருக்கிறது என்று சொல்லி இன்னும் வண்டி எடுக்கிறார். சரியா? (தண்டையார்பேட்டை)

இல்லை அம்மா, இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த முப்பது நாள் சலுகை 2019 சட்டத் திருத்தத்தோடு போய்விட்டது. லைசென்ஸ் முடியும் தேதிக்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்த பிறகும் ஒரு வருஷம் வரை டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம். அதையும் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். ஆனால் விண்ணப்பிக்க அவகாசம் இருக்கிறது என்பதால் அந்த இடைவெளியில் ஓட்டலாம் என்று அர்த்தம் இல்லை. படிவம் 1ஏ-வில் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, நாளைக்கே சாரதியில் பதிவு செய்யுங்கள். அப்பாவின் அனுபவத்துக்கு இது ஒரு நாள் வேலை.

ஆறாவதோடு படிப்பை நிறுத்திவிட்டேன். எட்டாவது பாஸ் இல்லாமல் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் கிடைக்காது என்கிறார்களே? (காசிமேடு)

அந்த விதியை 2019-லேயே எடுத்துவிட்டார்கள். போலி டி.சி. ஏற்பாடு செய்து தருகிறேன் என்று எவராவது வந்தால் விலகிப் போங்கள்.

எனக்கு சிவப்பு, பச்சை கொஞ்சம் குழப்பும். டாக்டரிடம் மறைத்துவிடலாமா? (அயனாவரம்)

மறைக்க வேண்டாம். லேசான, நடுத்தர நிறக்குருடு உள்ளவர்களுக்கும் லைசென்ஸ் கொடுக்கலாம் என்று 2020 ஜூனில் விதி மாறியிருக்கிறது. கண் மருத்துவரிடம் எந்த அளவு என்று சோதித்துக்கொள்ளுங்கள். தீவிரமாக இருந்தால், பயணிகளை ஏற்றும் வேலை வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

நான் ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டேன். கணவர் இல்லை, வயது 36. பிங்க் ஆட்டோ எனக்குக் கிடைக்குமா? (ஓட்டேரி)

உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அந்தத் திட்டம். சமூக நலத்துறை நடத்துகிறது. 2025 மார்ச் 8 மகளிர் தினத்தன்று தொடங்கினார்கள். வண்டி வாங்க ஒரு லட்சம் ரூபாய் மானியம், மீதிக்கு வங்கிக் கடன். சென்னையில் குடியிருக்கும் 25 முதல் 45 வயதுப் பெண்களிடம் விண்ணப்பம் கேட்டார்கள். கணவரை இழந்தவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். லைசென்ஸைத் தயாராக வைத்துக்கொண்டு, அடுத்த அழைப்பு எப்போது என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்த ஆட்டோவைப் பெண்தான் ஓட்ட வேண்டும். தம்பியிடமோ மச்சானிடமோ கொடுத்தனுப்பினால் வண்டியே பறிபோகும்.

ஆப் கம்பெனியில் வண்டியை அட்டாச் செய்யப் போகிறேன். கையெழுத்துப் போடும் முன் என்ன பார்க்க வேண்டும்? (வேளச்சேரி)

மத்திய அரசு 2025 ஜூலையில் புதிய வழிகாட்டுதல் வெளியிட்டது. சொந்த வண்டி வைத்திருக்கும் டிரைவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம், 5 லட்சம் மருத்துவக் காப்பீடு, 10 லட்சம் ஆயுள் காப்பீடு, சேரும்போது 40 மணி நேரப் பயிற்சி என்று அதில் இருக்கிறது. இதை நடைமுறைப்படுத்த வேண்டியது மாநிலங்கள். ஆனாலும் உங்கள் ஒப்பந்தத்தை இந்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காப்பீடு உண்டு என்று வாயால் சொன்னால் போதாது, பாலிசி நம்பரைக் கேளுங்கள். போலீஸ் சரிபார்ப்புச் சான்றுக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் நேராக விண்ணப்பிக்கலாம். பழைய வழக்கு ஏதாவது இருந்தால் அதன் தீர்ப்பு நகலையும் கையில் வைத்திருங்கள்.

இன்னொன்றையும் கையோடு முடித்துவிடுங்கள். டிரைவர்களுக்கென்று அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியம் இருக்கிறது. ஆப் மூலம் வேலை செய்பவர்களுக்கு 2023 டிசம்பரில் தனி வாரியமும் அமைத்தார்கள். பிள்ளைகளின் படிப்பு உதவி, விபத்து உதவி எல்லாம் உறுப்பினர்களுக்குத்தான். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதார், ரேஷன் கார்டு, லைசென்ஸ், பேங்க் பாஸ்புக் நகல்களோடு தொழிலாளர் துறை இணையதளத்தில் பதிந்துவிட்டு அட்டையை வீட்டில் மனைவியிடம் கொடுத்து வையுங்கள்.