பாம்பு விஷத்தை ஊசியாகப் போட்டுப் பழகலாமா?

தம்பி, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர், வீடியோ பார்த்துவிட்டு நாக விஷத்தைத் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்.

அமெரிக்காவில் டிம் ஃப்ரீடி என்பவர் ஏறக்குறைய 18 ஆண்டுகள் இதைச் செய்தார். 2001இல் இரண்டு நாகங்கள் கடித்து நான்கு நாள் நினைவிழந்து கிடந்தார். அவர் இரத்தத்தில் கிடைத்த எதிர்ப்புப் புரதங்களை வைத்து 2025இல் எலிகளில் நல்ல பலன் கண்டார்கள், உண்மைதான். ஆனால் அது நாகம், கட்டுவிரியன் வகைக்குத்தான், குழிவிரியனுக்கு உதவாது. ஊசியை நிறுத்தினால் எதிர்ப்பும் இறங்கிவிடும். மறுபடி போடும்போது உடம்பே ஒவ்வாமையில் தொண்டையை அடைத்துவிடலாம். ஊசி குத்திய இடத்தில் சதை அழுகுவதை வீடியோக்காரன் காட்டவா போகிறான்?

அதைவிட முழங்கால் வரை பூட்ஸ் போடுங்கள். மட்டைக் குவியலில் கையை விடாதீர்கள், இரும்புக் கொக்கியால் இழுத்துப் பாருங்கள். கண்ணில் நாகம் துப்பினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கடித்தால் கட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள். கையைக் காலை அசைக்காமல் 999 அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முடிந்தால் தூரத்திலிருந்து பாம்பை ஒரு படம், அவ்வளவே. விஷமுறிவு மருந்தைத் தேர்ந்தெடுக்க டாக்டருக்கு அது உதவும்.