1.72 வோல்ட் வரை போகலாம் என்று எழுதியிருக்கிறதே?

கேள்வி: இன்டெல் கோர் ஐ7-14700கே பிராசசர் வைத்திருக்கிறேன். அதன் விவரக்குறிப்பில் கோர் வோல்டேஜ் ‘0 முதல் 1.72 வோல்ட்’ என்று இருக்கிறது. என் கணினியில் லேசான வேலையின்போது 1.4 வோல்ட் காட்டுகிறது. வீடியோ ரெண்டர் செய்தால் 1.23க்கு இறங்குகிறது. வேலை கூடினால் வோல்டேஜும் கூட வேண்டாமா?

பதில்: நீங்கள் பார்த்த இறக்கம் கோளாறு அல்ல. ஆனால் அந்த 1.72ஐ இலக்காக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அந்தப் பிராசசர் குடும்பம் முழுவதற்குமான வெளி விளிம்பு. ஒவ்வொரு சிப்புக்கும் அதிகபட்ச விஐடி, அதாவது சிப் கேட்கும் வோல்டேஜ், தொழிற்சாலையிலேயே தனித்தனியாகப் பதிக்கப்படுகிறது என்று அதே அட்டவணையின் அடிக்குறிப்பு சொல்கிறது. பலர் அதைப் படிப்பதே இல்லை. மதர்போர்டில் உள்ள விஆர்எம் என்ற மின்சுற்று 12 வோல்ட்டைக் குறைத்து, சிப் கேட்ட வோல்டேஜைத் தருகிறது. ஒரே மாடலில் இரண்டு சிப்புகள் வெவ்வேறு அளவு கேட்பது இயல்பு.

லேசான வேலையில் ஓரிரு கோர்கள் (சிப்புக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) 5.6 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவும். அந்த வேகத்துக்கு வோல்டேஜ் அதிகம் வேண்டும். மின்னோட்டமோ குறைவு, அதனால் சூடும் குறைவு. ரெண்டரில் எல்லாக் கோர்களும் இறங்கி உழைக்கும்போது மின்னோட்டம் 150 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் கூடும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்கும் என்பதைச் சொல்லும் அளவு லோட்லைன்; இன்டெல் குறிப்பிடுவது 1.1 மில்லி ஓம். பெருக்கினால் 0.165 வோல்ட். 1.4இல் கழித்தால் 1.235, ஏறத்தாழ நீங்கள் பார்த்த அதே எண்!

இந்த இறக்கம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. வேலை சட்டென்று நிற்கும்போது வோல்டேஜ் துள்ளி எழும். தாழ்வான இடத்திலிருந்து துள்ளினால் ஆபத்தில்லை. ஆகவே பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பு மென்பொருள்) இந்த இறக்கத்தைக் குறைக்கும் ‘லோட்லைன் காலிபரேஷன்’ அளவை உச்சத்துக்கு ஏற்றி அதைச் ‘சரிசெய்ய’ வேண்டாம். வோல்டேஜை 1.3இலிருந்து 1.4ஆக ஏற்றினாலே, அதே வேகத்தில் மின்செலவு சுமார் 16 சதவீதம் கூடுகிறது. வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் அது ஏறும்.

நான் உண்மையில் கவலைப்படுவது உங்கள் பயாஸின் தேதியைப் பற்றி. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் உயர் வோல்டேஜும் வெப்பமும் சேர்ந்து கோருக்குள் இருக்கும் கடிகாரச் சுற்றைத் தேய்க்கின்றன என்று 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டது. 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுக்கும் மைக்ரோகோடு (பயாஸ் வழியே சிப்புக்குள் ஏறும் உள் கட்டளைத் தொகுப்பு) அவ்வாண்டு ஆகஸ்டில் வந்தது, அடுத்த மாதமே இன்னொரு திருத்தமும் வந்தது. உங்கள் பயாஸ் அதற்கு முந்தையது என்றால் இன்றே புதுப்பித்து, ‘இன்டெல் டீஃபால்ட்’ அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே தேய்ந்த சிப்பை இது குணப்படுத்தாது. கிராபிக்ஸ் கார்டில் போதிய நினைவகம் இருந்தும் விளையாட்டுகள் ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்று நின்றுபோனால், இன்டெல் இரண்டு ஆண்டுகள் நீட்டித்த உத்தரவாதத்தில் மாற்றுச் சிப் கேளுங்கள்.