ஆடிக்கொண்டே விமர்சனமும் எழுதி, நடன ஆவணங்களும் சேர்ப்பதைத் தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா? டெல்லியில் வாய்ப்பு எப்படி?

முடியும். ஆனால் மூன்றில் எதுவும் தனியாகச் சோறு போடாது. நான் டெல்லியில் பரதம் ஆடுகிறேன், அவ்வப்போது விமர்சனம் எழுதுகிறேன், பழைய படங்களையும் டேப்புகளையும் தேடிச் சேர்க்கிறேன். வீட்டு வாடகை கொடுப்பது என்னவோ மொழிபெயர்ப்பு வேலைதான்.

பெரிய பெயர்களையே பாருங்கள். சுப்புடு மத்திய அரசு உத்தியோகத்தில் இருந்தபடியேதான் விமர்சனம் எழுதி வித்வான்களின் வயிற்றில் புளியைக் கரைத்தார். நடன விமர்சகர் சுனில் கோத்தாரி படித்தது சார்ட்டர்ட் அக்கவுண்டன்சி. கலாக்ஷேத்ராவில் பயின்ற வடநாட்டுக்காரர் மோகன் கோக்கர், பரோடா பல்கலைக்கழகத்திலும் பிறகு சங்கீத நாடக அகாடமியிலும் வேலை பார்த்தார். கூடவே வாழ்நாள் முழுக்க நடனம் சம்பந்தப்பட்ட படம், அழைப்பிதழ், பத்திரிகைத் துணுக்கு என்று எதையும் விடாமல் சேர்த்தார். அந்தச் சேகரிப்பு இப்போது டெல்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் இருக்கிறது.

சம்பளத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆவணம் சேர்ப்பவருக்குக் கலைஞர்களின் நம்பிக்கை வேண்டும். விமர்சகர் அதைத்தான் முதலில் இழப்பார். மயூர் விஹாரில் ஒரு மூத்த நர்த்தகி வீட்டுக்குப் போயிருந்தேன். டிரங்குப் பெட்டி நிறைய அந்தக் காலத்துப் படங்கள் இருப்பதாகக் கேள்வி. “நீ பேப்பர்ல எழுதறவதானே? என் சிஷ்யை ஆடினதைப் பத்தி என்னமோ எழுதியிருந்தியே” என்றார் மாமி. அப்புறம் காபி வந்தது, பெட்டி வரவில்லை. யாருடைய சேகரிப்பைப் பார்க்கிறேனோ அவரைப் பற்றியும் அவருடைய மாணவிகளைப் பற்றியும் எழுதுவதில்லை என்று இப்போது வைத்திருக்கிறேன். டெல்லி பரத உலகம் சின்னது. இப்படிக் கழித்துக்கொண்டே போனால் எழுத ஆளே மிஞ்சுவதில்லை, அது வேறு விஷயம்! அதனால் என் யோசனை: முதலில் ஆடுங்கள், கூடவே ஆவணங்களைச் சேர்த்து வாருங்கள், விமர்சனத்தைத் தள்ளிப் போடுங்கள்.

ஆடுவதும் சேர்ப்பதும் ஒன்றுக்கொன்று உதவும். தேதியில்லாத ஒரு படம் கைக்கு வருகிறது. வாத்தியக்காரர்கள் ஆடுபவருக்குப் பின்னால் நிற்கிறார்கள், மிருதங்கம் இடுப்பில் கட்டியிருக்கிறது என்றால் அது பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிரின் வழக்கம். மேடையின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி 1935இல் மேடையேறிய பிறகு பரவிய ஏற்பாடு. சேலையைச் சுற்றிக் கட்டியிருக்கிறாரா, தைத்த உடையா என்றும் பார்ப்போம். இதெல்லாம் படித்தே தெரிந்துகொள்ளலாம். ஆனால் முழங்காலைப் பக்கவாட்டில் மடித்து நிற்கும் அரைமண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, கை எப்படி நீள்கிறது என்று பார்த்துப் பாணியை ஊகிக்க, சலங்கை கட்டி ஆடியவர்தான் வேண்டும்.

டேப் வேலை பொறுமையைச் சோதிக்கும். ஒரு மணி நேரப் பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஓடவிட்டுத்தான் ஆக வேண்டும். ஈரம் குடித்துப் பிசுபிசுத்த ஸ்பூல் டேப்பை அப்படியே ஓட்டினால் பூச்சு உரிந்து, ஒலியைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். உறையில் நர்த்தகியின் பெயர் இருக்கும். தாளம் தட்டி ஜதி சொல்லும் நட்டுவாங்கம் யார், மிருதங்கம் யார் என்று இருக்காது. ஜதி சொல்லும் குரலை வைத்து ஆளைச் சொல்லக்கூடியவர்களுக்கு இன்று எண்பது வயது. அவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்வது டிஜிட்டல் ஆக்குவதைவிட அவசரம்.

டெல்லியில் மண்டி ஹவுஸ் பக்கம் ரவீந்திர பவனில் சங்கீத நாடக அகாடமியின் காப்பகம், நான் சொன்ன கலை மையம், குருகிராமில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இசைக் காப்பகம் இருக்கின்றன. நான் பார்த்தவரை நிரந்தர வேலை குறைவு, ஒப்பந்த வேலைதான் அதிகம். நூலக அறிவியலோ அருங்காட்சியகவியலோ ஒரு பட்டம் வாங்கி வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். ஆடத் தெரிந்த நூலகர் அபூர்வம் என்பதால் நேர்காணலில் அது கைகொடுக்கும்.